கடைசி வீதியைப் புடிச்ச பிரேக்

நாச்சிமுத்து லேஅவுட்ல கடைசி வீதின்னு ஒண்ணு இருக்கு, ஒரு முனையில டிரான்ஸ்பார்மரு, மறு முனையில மூடிப்போன மில்லோட காம்பவுண்டு சுவரு, நடுவுல எதிரும் புதிருமா வீடுங்க, அந்த வீதி மட்டும் ரொம்ப நாளா கோயமுத்தூருக்குக் கொஞ்சம் பின்னாடியே ஓடிட்டு இருந்துச்சு, டவுன்ல மணி அஞ்சுன்னா இங்க இன்னும் நாலரை கூட ஆகியிருக்காது, எல்லாம் கிரி அவன் காருக்குப் பிரேக் மாத்தினதால வந்தது.

கிரி பம்புசெட்டு கம்பெனியில பம்பு டெஸ்ட் பண்றவன். அவன் வெச்சிருந்தது அவங்கப்பா ஓட்டித் தேஞ்ச சின்ன வெள்ளைக் காரு, அதுக்கு அவன் பண்ணாத அலங்காரம் கிடையாது, ஆனா பிரேக்குதான் அவன் உசுரு. பாலிடெக்னிக்ல இருந்து கூடவே சுத்துற ஆல்வினும் அவனும் உக்கடம் பழைய இரும்புக் கடையில, மூக்கு நசுங்கிக் கிடந்த ஒரு பாரின் காருல இருந்து, ரத்தச் செவப்புல ரெண்டு கேலிப்பரை அதோட டிஸ்க்கு, பேடோட கழட்டிட்டு வந்தாங்க. கேலிப்பர்னா, சக்கரத்தோட சுத்தற டிஸ்க்கை ரெண்டு பக்கமும் பேடுங்கற கட்டையால அமுத்திப் புடிக்கற கவ்வி, ஒவ்வொண்ணுலயும் கட்டையைத் தள்ள நாலு பிஸ்டன். சின்னக் காருல அது உக்கார ஆல்வின் லேத்துல தனியா ஒரு தகடு கடைஞ்சு குடுத்தான். கம்பெனி பிரேக்கைக் கழட்டி, இவங்க பாஷையில அதுக்கு ஸ்டாக்குன்னு பேரு, ஒரு சாக்குல கட்டி வெச்சாங்க, அதுல இருந்த டிஸ்க்கு ரெண்டையும் கிரியோட அம்மா எடுத்துத் தண்ணி டிரம்மு மூடி காத்துல பறக்காம இருக்க மேல வெச்சுக்கிட்டாங்க.

முதல் தடவை அமுத்திப் பாத்தப்ப பக்கத்து சீட்டுல இந்துஜா இருந்தா. கல்யாணம் ஆன புதுசு. வீதி முனையில திரும்பி, மெதுவா வந்து, வீட்டு முன்னாடி அமுத்தினான். வண்டி நின்னுச்சு. வண்டியோட சேந்து வீதியும் நின்னுச்சு. சாக்கடையைத் தாண்டின நாய் தாண்டினபடியே நாலு காலையும் விரிச்சுக்கிட்டு அந்தரத்துல இருந்துச்சு, எதுத்த வீட்டு மரகதம் அக்கா வாசலுக்கு வீசின பக்கெட் தண்ணி வெயில்ல கண்ணாடித் துண்டு மாதிரி நின்னுச்சு, முருங்கை மரத்துல இருந்து விழுந்த பூவு பாதி வழியில இருந்துச்சு. காருக்குள்ள இருந்த இவங்க ரெண்டு பேரு மட்டும்தான் மூச்சு விட்டாங்க.

"எப்படிப் புடிக்குது பாத்தியா"ன்னான் கிரி.

இந்துஜா அந்தத் தண்ணியவே பாத்துட்டு இருந்தா. அது கீழ விழவே விழாதுங்களான்னு கேட்டா. காலை எடுத்தா விழும்னு சொல்லி அவன் எடுத்தான், விழுந்துச்சு, நாய் அந்தப் பக்கம் எறங்கி ஓடுச்சு, மரகதம் அக்கா நிமிந்து பாத்து, வண்டி இப்பத்தானே முனையில திரும்புச்சுன்னு சொல்லிட்டு பக்கெட்டோட உள்ள போயிட்டாங்க.

வீதிக்காரங்க இதைப் பெருசா எடுத்துக்கல. பிரேக்குன்னா நிறுத்தத்தான் செய்யும், நல்ல பிரேக்குன்னா நல்லா நிறுத்தும், அவ்வளவுதானேன்னாங்க. அவங்க யோசிச்சதெல்லாம் இதை வெச்சு என்ன பண்ணலாம்னுதான், அதைக் கண்டுபுடிச்சதும் மரகதம் அக்காதான். வீதிதான் நிக்குது, வெளியில டவுனு ஓடிட்டேதான் இருக்குது, டவுன்ல போய் அமுத்தினா வண்டி மட்டும்தான் நிக்குது. அப்படின்னா எது வர்றதுக்குக் காத்திருக்கணுமோ, அது வர்ற வரைக்கும் வீதியை நிறுத்தி வெச்சுட்டா, காத்திருக்கவே வேண்டாமில்ல. கரண்டு ஷட்டவுன் அன்னிக்குச் சித்திரை வெயில்ல கிரி பெடலை அமுத்திட்டு உக்காந்தான். வீதிக்கு அது ஒரு கண் சிமிட்டல், பேன் நின்ன மாதிரியே இல்ல, முருங்கை மர நிழல் மட்டும் மேக்க இருந்தது சட்டுன்னு கெழக்க வந்திருந்துச்சு. அப்புறம் கார்ப்பரேசன் தண்ணிக்கு அமுத்தினான், பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு அமுத்தினான், துபாயில இருந்து கெளம்பின மகன் ஏர்போர்ட்டுல எறங்கற வரைக்கும் நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு சொன்ன பக்கத்து வீட்டு அம்மாவுக்காக அமுத்தினான். வீதி மொத்தத்தோட காத்திருப்பையும் அந்தச் சின்னக் காருக்குள்ள அவனும் இந்துஜாவும் உக்காந்து காத்திருந்தாங்க.

அதுக்கு ஒரு முறையும் வந்துருச்சு. அமுத்தறதுக்கு முன்னால மூணு ஹாரன் அடிக்கணும். ஹாரன் கேட்டதும் அவசர வேலை இருக்கறவங்க டிரான்ஸ்பார்மரைத் தாண்டிப் போயிருவாங்க, அடுப்புல பால் வெச்சவங்க அப்படியே நிப்பாங்க, பாலும் நிக்குமில்ல. வீட்டுக் கடிகாரம் டவுனை விடப் பின்தங்கினா முள்ளைத் தள்ளி வெச்சுக்குவாங்க. வெளியூருக்குக் கட்டிக்குடுத்த பொண்ணுங்ககிட்ட, நீ சொல்றது டவுன் நேரமா வீதி நேரமான்னு கேட்டுக்குவாங்க.

கிரிக்கு அந்த நேரமெல்லாம் தேன். வீட்டுல அம்மா, அப்பா, ஓயாம வந்து போற சொந்தம், இதுல பொண்டாட்டிகிட்ட ரெண்டு வார்த்தை பேச எங்க எடம். காருல யாரும் குறுக்க வரமாட்டாங்க, வீதியே கண்ணு தொறந்துட்டே தூங்கும், இவன் பெடல் மேல காலை வெச்சுட்டுப் பேசுவான். நாலு பிஸ்டன் ஏன் ஒரே நேரத்துல தள்ளுது, பிரேக் ஆயில் எத்தனை சூட்டுல கொதிக்கும், பேடுல இருந்து கறுப்புத் தூசி கொட்டினா அது ஏன் நல்ல பேடு. அவ ம் கொட்டிட்டே ஜன்னல் வழியா வெளிய பாப்பா. பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு ரெண்டு பேரையும் மொட்டை மாடிக்கு அனுப்பினப்பவும் இப்படித்தான், அவன் போன்ல காரு போட்டோவைக் காட்டிப் பேசிட்டே இருந்துட்டு, கடைசியில புடிச்சிருக்கான்னு கேட்டான், அவ புடிச்சிருக்குன்னா. கேட்டது காரையா தன்னையான்னு அவனுக்கு அன்னிக்கும் சந்தேகம் வரல, அதுக்கப்புறமும் வரல.

இப்படியே நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. அப்புறம் ஹாரன் இல்லாம வீதி நிக்க ஆரம்பிச்சுது.

காலையில சட்னி தாளிச்சுட்டு நிமிந்தா நிழல் எடம் மாறியிருக்கும், ஸ்கூல் வேன் போயிருக்கும், போன்ல மணி குதிச்சிருக்கும். சாயங்காலமும் அப்படியே. கிரிதான் ஹாரன் அடிக்க மறந்துட்டான்னு முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் சிரிக்கல. பகல்ல வண்டி கிரியோட கம்பெனிக்குப் போயிருது, பகல்ல வீதி ஒழுங்கா ஓடுது, அவன் வீட்டுல இருக்கறப்ப மட்டும்தான் நிக்குது, இதுல யோசிக்க என்ன இருக்குன்னாங்க. புதுப் பொண்டாட்டியாச்சே, ஆசை தீரலைன்னு ஒரு பெரியவர் சொன்னதுக்கு எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க. நான் அமுத்தலைன்னு கிரி வீடு வீடாப் போய்ச் சொன்னான். அவன் குளிச்சுட்டு இருக்கறப்ப நடந்திருக்கு, போன்ல பிரேக் வீடியோ பாத்துட்டு இருக்கறப்ப நடந்திருக்கு, வீதியோட சேந்து அவனும்தான் நின்னிருக்கான். யாரு நம்புவா.

கடைசியில ஒரு நாள் சாயங்காலம் மரகதம் அக்காவோட தங்கச்சிக்கு ஆஸ்பத்திரியில ரொம்ப முடியாம ஆயிருச்சு. அக்காவைப் பாக்கணும், ஒரு தடவை குரலாவது கேக்கணும்னு சொல்லி அங்க இருந்து போன் மேல போன் போட்டிருக்காங்க. வீதி நின்னுட்டு இருந்துச்சு. போனு மேசை மேலயே இருந்துச்சு, அக்கா அது பக்கத்துலயே வெங்காயம் உரிச்சுட்டு இருந்தாங்க, கண்ணுல தண்ணி பாதியில நின்னிருக்கும். வீதி ஓட ஆரம்பிச்சப்ப போனு ஒரு தடவைதான் அடிச்சுது, அது முடிஞ்சுருச்சுன்னு சொல்றதுக்கு அடிச்ச போனு.

காரியம் எல்லாம் முடிஞ்சதும் வீதி கூடி முடிவு பண்ணுச்சு. அந்தச் செவப்புப் பிரேக்கைக் கழட்டிட்டுக் கம்பெனி பிரேக்கையே மாட்டணும், ஞாயித்துக்கிழமை, எல்லார் முன்னாடியும். கரண்டுக்கும் தண்ணிக்கும் கிரி கண்ணு, கிரி சாமின்னு வந்து நின்னவங்கதான் அத்தனை பேரும். சரி, கழட்டறேன், கழட்டறப்ப நீங்களே பாருங்க, நான் எத்தனை கொஞ்சமா அமுத்தியிருக்கேன்னு பேடு சொல்லும், வீதியை நிறுத்தினா அந்தப் பேடுதான் தேயும், பேடு பொய் சொல்லாதுன்னான் கிரி. ஆல்வினைக் கூப்பிட்டான். மச்சி, போட்டதைக் கழட்டி ஸ்டாக்கை மாட்டற பாவத்துக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதடான்னு ஆல்வின் போனை வெச்சுட்டான். அதுவும் ஒரு அடி.

ஞாயித்துக்கிழமை காலையில வீதி மொத்தமும் வாசல்ல. கிரி பின் சக்கரத்துக்குக் கல்லு முட்டுக் குடுத்து, ஜாக்கி போட்டு, இடது பக்க முன் சக்கரத்தைக் கழட்டினான். செவப்புக் கேலிப்பர் வெயில்ல மின்னுச்சு. அதுக்கு நடுவுல இருக்கற சந்து வழியா எட்டிப் பாத்தான், பாத்தவன் அப்படியே இருந்தான். பேடே இல்ல. இரும்புத் தகடுதான் இருந்துச்சு, ஓரத்துல அழுக்கு மாதிரி கொஞ்சம் கறுப்பு ஒட்டிட்டு இருந்துச்சு. அவன் அமுத்தின கணக்குக்குப் பாதி கூடத் தேஞ்சிருக்கக் கூடாது. வாரா வாரம் அவனே சக்கரம் தொடைக்கறப்ப வண்டி வண்டியாக் கறுப்புத் தூசி வந்துச்சே, நல்ல பேடுன்னு பெருமைப்பட்டானே, அதெல்லாம் அவன் வீதியோட சேந்து நின்னுட்டு இருந்தப்ப தேஞ்சது.

பின்னாடி இருந்து மரகதம் அக்கா எட்டிப் பாத்தாங்க. அவங்களுக்குப் பேடு பத்தித் தெரியாது, ஆனா அவன் முதுகு போதுமா இருந்துச்சு.

கிரி ஸ்டீரிங்கை நேராக்கலாம்னு எந்திரிச்சு டிரைவர் கதவைத் தொறந்தான். சீட்டு முன்னாடி தள்ளியிருந்துச்சு. கொஞ்ச நாளாவே காலையில வண்டி எடுக்கறப்ப முட்டி இடிக்கும், பின்னாடி தள்ளிக்குவான், விடியக்காலம் வண்டி தொடைக்க வர்ற பையன் தள்ளியிருப்பான்னு விட்டுருவான். இந்துஜாவுக்கு வலது கெண்டைக்கால் மட்டும் வலிக்குதுன்னு அவனே தைலம் வாங்கிக் குடுத்தது இப்ப ஞாபகம் வந்துச்சு, அம்மா தேச்சுவிட்டதும் ஞாபகம் வந்துச்சு.

"இந்து, இப்படி வா, உள்ள உக்காரு"ன்னு மட்டும் சொன்னான்.

அவ வாசப்படி எறங்கி வந்தா. இத்தனை மாசமா இந்தக் காருல அவ உக்காந்து அவன் பாத்ததெல்லாம் இடது பக்க சீட்டுலதான். இப்ப நேரா வலது பக்கம் வந்து, அவனைத் தாண்டி உள்ள உக்காந்து, சேலையை ஒதுக்கிக் கதவைச் சாத்திக்கிட்டா. சாத்தினதுக்கப்புறம்தான் எங்க உக்காந்திருக்கோம்னு அவளுக்கே தெரிஞ்சுது. கிரி சுத்தி வந்து இடது பக்கம் ஏறினான். வண்டி ஜாக்கி மேல அவ பக்கமா சாஞ்சு நின்னுச்சு. அவ ஹாரன் அடிக்கல. அமுத்தினா. வலது பக்கச் சக்கரத்துல நகக்கண்ணளவு பேடு மிச்சம் இருந்திருக்கும் போல, வீதி நின்னுச்சு, மரகதம் அக்கா, அம்மா, பெரியவரு, இடுப்புல கொழந்தையோட நின்னவங்க, அத்தனை கண்ணும் கண்ணாடியையே பாத்தபடி.

"யாரு கூட?"ன்னு கேட்டான் கிரி.

"யாரும் இல்லீங்க. நான் மட்டும்தான்."

"என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன். உக்காந்திருப்பேன்."

யாராவது கூட இருந்தான்னு சொல்லியிருந்தா அவனுக்குக் கோவப்படத் தெரிஞ்சிருக்கும். இதுக்கு என்ன படணும்னு தெரியல. என்னையக் கூப்பிட்டிருந்தா நானும் வந்திருப்பேனேன்னான், கேக்கறப்பவே குரல் சின்னப் பையன் குரலா மாறிடுச்சு.

"வந்திருப்பீங்க. அதனாலதான் கூப்பிடல."

அப்புறம் அவ சொன்னா, கோவமா எல்லாம் இல்ல, பஸ் எங்க நிக்கும்னு வழி சொல்ற மாதிரி சொன்னா. எந்திரிச்சதுல இருந்து காப்பி, மாமாவுக்கு மாத்திரை, டிபன், லேப்டாப்பைத் தொறந்தா ஆபீசு, மூடினா அத்தை, ரூம் கதவைச் சாத்தினா ஏன் சாத்தினன்னு கேக்கறாங்க, பாத்ரூமுக்குள்ள போனா யாராவது வெளிய நிக்கறாங்க, சாயங்காலம் ஆனா நீங்க, உங்க நாலு பிஸ்டனு. எல்லாரும் நின்னாத்தான் நான் சும்மா இருக்க முடியுது. காலை எடுத்தா எல்லாம் ஓட ஆரம்பிச்சுரும்னு தெரியும், அதனால வலிக்க வலிக்க அமுத்திட்டு இருந்தேன். முருங்கைப் பூவைப் பாத்துட்டு இருப்பேன், பாதியில நிக்குமில்ல, அதை.

"மரகதம் அக்கா தங்கச்சி போன அன்னிக்கு?"

"அன்னிக்கும் நான்தான்."

"அதுக்கப்புறம் அமுத்தறதை விட்டுட்டியா?"

அவ கண்ணாடி வழியா மரகதம் அக்காவோட மூஞ்சியைப் பாத்தா. ரொம்பப் பக்கத்துல இருந்துச்சு அந்த மூஞ்சி, பாதி தொறந்த வாயோட.

"இல்லீங்க"ன்னா.

இவங்ககிட்ட நீயே சொல்லிடறியான்னு கேட்டான் கிரி. அவ பதில் சொல்றதுக்கு முன்னாடி வலது பக்கத்துல இருந்து இரும்பும் இரும்பும் உரசற ஒரு கிறீச்சு, பல்லு கூசற மாதிரி, அவ காலு இன்னும் பெடல் மேலதான் இருந்துச்சு, ஆனா வீதி தானா ஓட ஆரம்பிச்சுருச்சு.

அவன் எறங்கினான். அவளும் எறங்கினா. அவன் காத்திருந்தான். அவ சொல்லுவான்னு காத்திருந்தான், அவளுக்குப் பக்கத்துல தோளோட தோள் நின்னுட்டு, அவ சொன்னா கூட நிக்கறதுக்குத் தயாரா. இந்துஜா தரையில கெடந்த முருங்கைப் பூவைப் பாத்துட்டு நின்னா.

"என்ன கிரி, பேடு என்ன சொல்லுது?"ன்னு கேட்டாங்க மரகதம் அக்கா.

"நான்தான்க்கா அமுத்தினேன்"னான் கிரி.

"அன்னிக்குமா?"

"அன்னிக்கும்தான்."

பக்கத்துல சேலை அசையற சத்தம் கேட்டுச்சு. மரகதம் அக்கா கத்துவாங்கன்னு வீதியே எதிர்பாத்துச்சு, அவங்க கத்தல. உன்னைய நான் பெத்த புள்ளையாட்டம் நெனச்சேனேடான்னு, ரேசன் கடையில நிக்கறப்ப பேசற குரல்ல சொல்லிட்டு, உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அந்தக் கதவு பகல்ல சாத்தி யாரும் பாத்ததில்ல. அப்புறம் ஒருத்தர் ஒருத்தரா எல்லாரும் போனாங்க, அம்மா கூட அவனை ஒரு தடவை ஏற எறங்கப் பாத்துட்டு, அரிசி வெந்திருக்கும்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

அதுக்கப்புறம் கிரி வேலையைப் பாத்தான். தண்ணி டிரம்மு மேல இருந்த டிஸ்க்கு ரெண்டையும் எடுத்துத் துருவைத் தேச்சான், சாக்குல கெடந்த கேலிப்பரை மண்ணெண்ணெய்ல கழுவினான், புது பேடு மாட்டினான், செவப்பைக் கழட்டின எடத்துல சாம்பல் கலர்ல மொக்கையா, ஒத்தப் பிஸ்டனோட, கம்பெனியில இருந்து வந்த நாள்ல எப்படி இருந்துச்சோ அப்படியே உக்காந்துச்சு, ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கறப்ப ஆல்வின் கடைஞ்ச தகடு, உக்கடம் வெயில்ல அலைஞ்சது, நாய் அந்தரத்துல நின்னது, எல்லாத்தையும் சேத்து முறுக்கினான்.

கடைசியா ஏர் எடுக்கணும். கொழாய்க்குள்ள காத்து இருந்தா பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், பிரேக் புடிக்காது. அது ஒருத்தனால ஆகற வேலை இல்ல, உள்ள உக்காந்து ஒருத்தர் அமுத்திப் புடிக்கணும், வெளிய ஒருத்தர் கேலிப்பர்ல இருக்கற நிப்பிள்ங்கற குட்டித் திருகை லூசாக்கிக் காத்தோட ஆயிலை வெளிய விட்டு மறுபடி முறுக்கணும், முறுக்கற வரைக்கும் உள்ள இருக்கறவர் காலை எடுக்கக் கூடாது. எப்பவும் ஆல்வின்தான் உள்ள உக்காருவான். இப்ப யாரு இருக்கா. இந்துஜா தானாவே வந்து உக்காந்தா.

"அமுத்து"ன்னான். அமுத்தினா. வீதி நிக்கல. எங்கயோ ஒரு குக்கர் விசிலடிச்சுது, அவ காலு பெடல் மேல இருக்கறப்பவே அடிச்சுது.

"புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு."

இடது பக்கம் முடிஞ்சுது. முதல்ல கட்டஞ்சாயா மாதிரி கறுப்பாப் பழைய ஆயில் நுரையோட பாட்டில்ல எறங்குச்சு, அமுத்து, புடிச்சிருக்கா, புடிச்சிருக்கு, விடு, மறுபடியும் அமுத்து, அப்படியே தெளிஞ்சுது. வலது பக்கம் போனான். சக்கரத்துக்கும் மட்காடுக்கும் நடுவுல உக்காந்து ஸ்பேனரை வெச்சான். அங்க இருந்து அவ மூஞ்சி தெரியாது, தொறந்திருந்த கதவுக்குக் கீழ சேலைக் கரைதான் தெரிஞ்சுது.

"அமுத்து." அமுத்தற சத்தம் கேட்டுச்சு.

"புடிச்சிருக்கா?"

கேட்டதுக்கப்புறம்தான் அவன் காதுல அவன் கேட்டது விழுந்துச்சு. மொட்டை மாடி, போன்ல காரு போட்டோ, அதே வார்த்தை, அதே குரல். உள்ள இருக்கறவளுக்கும் விழுந்திருக்கணும், ஏன்னா பதில் வரல. செவப்புப் பிரேக்கா இருந்திருந்தா இந்த நேரத்தை அவ அமுத்திட்டு உக்காந்து, எத்தனை வேணும்னாலும் யோசிச்சு, அவனுக்குத் தெரியாமயே ஒரு பதிலோட வந்திருப்பா, அவனுக்கு அது ஒரு கண் சிமிட்டலாப் போயிருக்கும். இப்ப அவனும் சேந்து காத்திருக்க வேண்டியிருந்துச்சு. எதுத்த வீட்டுக் கதவு சாத்தியே இருந்துச்சு. முருங்கைப் பூ ஒண்ணு மேல இருந்து கெளம்பி, எங்கயும் நிக்காம, பானட்டு மேல வந்து விழுந்துச்சு.

"அமுத்திட்டுத்தான் இருக்கேங்க"ன்னா இந்துஜா.

கிரி நிப்பிளைத் திருப்பினான். ஆயில் சுத்தமா வந்துச்சு, ஒரு குமிழி கூட இல்ல. முறுக்கி மூடினான்.

"சரி, விடு"ன்னான்.